குறுக்கே போட்ட விளக்குகள்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் என் தம்பி, ஏழாம் வகுப்பு ஆசிரியையான என் மருமகள். என் மகன் கப்பலில் இருக்கிறான். அவன் நாற்காலியில் அன்று மருமகளின் பை உட்கார்ந்திருந்தது.

யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் நடப்பதைப் பற்றி, அங்கே இல்லாதவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள்.

விஷயம் இதுதான். மருமகளின் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் பள்ளியிலேயே கடைசியாக வந்தது. பெற்றோர் மூன்று பேர் புகார் எழுதிக் கொடுத்தார்கள். தலைமையாசிரியை ஒரு நாள் வகுப்பின் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நடு பெஞ்சுப் பிள்ளைகள் மேசையில் படுத்துக் கிடக்கிறார்கள், ஆசிரியை கண்டிப்பதில்லை" என்று குறிப்பு எழுதினார். அதற்கு அன்று மதியம் விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் வகுப்பு அவள் கையை விட்டுப் போய்விடும். ஆபீஸ் அறையில் வருகைப் பதிவேடு எழுத உட்கார வைத்துவிடுவார்கள்.

வகுப்பறையின் வெளிச்சம் சரியில்லை என்பதுதான் அவள் சொல்லவிருந்த விளக்கம். அந்த அறைக்கு விளக்குப் போட்டவன் என் தம்பி.

"விளக்கைப் பத்திப் பேச வேண்டாம்மா," என்றேன்.

அவள் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். பத்து நாட்களாக இப்படித்தான். கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது.

"வேற எதைப் பத்திப் பேசறது மாமா?"

"பிள்ளைங்க சரியாப் படிக்கல, இனிமே கண்டிப்பா இருக்கேன்னு சொல்லு. ஒரு தடவை தலை குனிஞ்சா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது."

"யார் தலை மாமா?"

என் மனைவி தட்டுகளை நகர்த்தினாள்.

"சாப்பிட்டு முடிச்சுட்டுச் சண்டை போடுங்க. வெறும் வயித்துல ஆரம்பிச்சா பாதியிலயே களைச்சுப் போயிடுவீங்க."

தம்பி தலை நிமிரவில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும் என்பதால் தெரு முழுக்க அவனுக்கு டெஸ்டர் என்றுதான் பேர். இருபத்தாறு வருடம் கூரையைப் பார்த்தே வேலை செய்தவன். இப்போது வலது கை காதுக்கு மேலே ஏறுவதில்லை.

"பேசட்டும்ணா," என்றான். "அது பொழைப்பு. என் பேர் கெட்டா நான் பார்த்துக்கறேன்."

"உன் பேர் தனியா எங்கேடா இருக்கு? நம்ம பேர்."

மருமகள் பேனாவை மூடினாள். பையிலிருந்து ஒரு பெரிய அட்டையை எடுத்து விரித்தாள். கட்டம் கட்டமாக எண்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவளும் என்னிடம் காட்டவில்லை. மாமியாரிடம் சொல்வதுபோல் எனக்குச் சொன்னாள். எங்கள் வீட்டில் பெரிய விஷயங்கள் இப்படித்தான் போய்ச் சேரும்.

"அத்தை, எங்க கிளாஸ்ல ஆறு வரிசை பெஞ்சு. வாரா வாரம் ஒரு வரிசை பின்னால தள்ளுவேன். கடைசில இருக்கறவங்க முன்னால வந்துடுவாங்க. எல்லாரும் எல்லா இடத்துலயும் உக்காரட்டும்னு. வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பரீட்சை. பன்னண்டு வாரமா எழுதி வச்சிருக்கேன். யாரு மூணாவது, நாலாவது வரிசைக்கு வந்தாலும் அந்த வாரம் மார்க்கு விழுது. அங்கேருந்து நகர்ந்தா ஏறுது."

"கடைசி வரிசை?"

"கடைசி வரிசை நல்லாத்தான் எழுதுது."

"அடடே! அந்தக் காலத்துல கடைசி பெஞ்சுதான் தேறாது. உங்க மாமாவே சாட்சி."

நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவன் இல்லை. உயரம் காரணமாக ஒரே ஒரு வருடம்.

"நல்லாப் படிக்கிற பொண்ணு ஒருத்தி," என்று மருமகள் தொடர்ந்தாள். "ரெண்டாவது வரிசைல இருந்தப்ப பதினெட்டு. மூணாவதுக்குப் போனதும் ஒம்பது. அஞ்சாவதுல மறுபடி பதினேழு. அவளுக்கு அந்த ரெண்டு வாரம் மட்டும் மூளை எங்கே போச்சு?"

நான் எண்களோடு வாழ்ந்தவன். பொதுப்பணி அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வரைவாளர் வேலை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் கணக்கு என் காதில் விழுந்துவிட்டது. மார்க்கு பிள்ளைகளோடு போகவில்லை. பெஞ்சிலேயே தங்கிவிட்டது.

"நானும் வர்றேன்," என்றேன்.

"எதுக்கு மாமா?"

"நம்ம வீட்டுப் பொண்ணு பதில் சொல்லப் போற இடத்துக்குப் பெரியவங்க யாராவது போகணும்."

அவள் என்னைப் பார்த்தாள். துணைக்கு வருகிறேனா, வாயை அடைக்க வருகிறேனா என்று எடை போடுகிற பார்வை. எனக்கே அது தெரியவில்லை என்பதால் நான் எழுந்து கை கழுவப் போனேன்.

*

அந்த விளக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

முன்பு அந்த வகுப்பறைக்கு விளக்கே தேவைப்படவில்லை. இடது பக்கம் நான்கு பெரிய ஜன்னல்கள். இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து மனையில் நான்கு மாடிக் கட்டடம் எழும்பியது. ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் சுவர். நடுப்பகலிலும் பிள்ளைகள் புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படித்தார்கள். பள்ளியில் தம்பியைக் கூப்பிட்டார்கள்.

தம்பி எடுக்கிற வேலைக்கெல்லாம் படம் போடுவது நான். ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. ஆறு டியூப்லைட், இரண்டிரண்டாக மூன்று வரிசை.

எங்கள் அப்பா தச்சர். வேலை முடிந்ததும் வாசற்படியில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். கோடு நேராக இருந்தால் துண்டை உதறித் தோளில் போடுவார். இல்லாவிட்டால் "கழட்டு" என்பார். கதவானாலும் அலமாரியானாலும் அதே சோதனைதான். நாங்கள் இரண்டு பேரும் அதையே செய்கிறோம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, உடம்போடு வந்துவிட்டது.

அந்த வகுப்பறையின் வாசலிலும் நாங்கள் அப்படித்தான் நின்றோம். நான் வலது கண்ணை மூடினேன், தம்பி இடது கண்ணை மூடினான். மூன்று வரிசையும் உத்தரத்தை ஒட்டி, அறைக்குக் குறுக்கே, நூல் பிடித்தாற்போல் இருந்தன. வேலை முடிந்தது என்று இறங்கி வந்துவிட்டோம்.

நாங்கள் யாரும் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

*

பள்ளியில் இரண்டு மாடி ஏற வேண்டும். முதல் மாடியில் நின்று மூச்சு வாங்கினேன். சுவரில் ஒட்டியிருந்த பிள்ளைகளின் படங்களைப் பார்ப்பதுபோல் நின்றேன். தம்பி ஏணியை இடது தோளில் சுமந்துகொண்டு எனக்கு முன்னால் போனான். மறு கையில் வயர் சுற்றிய நான்கு டியூப்லைட்டுகள். எதற்கு என்று கேட்டேன்.

"மருமக கேட்டுச்சு. கொண்டு வந்தேன்," என்றான்.

வானம் காலையிலிருந்தே மூடியிருந்தது. மாடிப் படியில் ஃபினாயில் வாசனை. சாப்பாட்டு இடைவேளை முடிகிற மணி அடித்தபோது தம்பி வகுப்பறைக் கூரையில் வேலையை முடித்துக்கொண்டிருந்தான். குறுக்கே போகும் பழைய விளக்குகளை அப்படியே விட்டுவிட்டு, பெஞ்சுகளுக்கு இடையிலுள்ள இரண்டு நடைபாதைகளுக்கும் மேலே, நீளவாக்கில், கயிற்றில் நான்கு விளக்குகளைத் தொங்க விட்டிருந்தான். பார்க்க அவலமாக இருந்தது. ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது. எனக்குக் கை துறுதுறுத்தது.

"அது கோணலா இருக்கேடா."

"தெரியும்ணா," என்று ஏணியிலிருந்து இறங்கினான். தோளைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

தலைமையாசிரியை வந்தார். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு கைப்பையில் அதையே தேடினார். அவரும் தூங்கி நாளாகியிருக்கும் போலிருந்தது.

"சார், எனக்கும் இது வேண்டாத வேலைதான்," என்றார் என்னிடம். "ஆனா மூணு பேர் எழுதிக் கொடுத்திருக்காங்க. நாளைக்கு முப்பது பேர் வருவாங்க. நான் ஏதாவது பண்ணணும்."

"எங்க வீட்டுப் பொண்ணு வேலையில குறை வைக்கிறவ இல்ல."

"எந்த வீட்டுப் பொண்ணும் இல்ல சார். உக்காருங்க."

உட்கார நாற்காலி இல்லை. இருந்த ஒன்றில் அவர் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தைந்து பிள்ளைகளில் ஒருவர் தலைவலி என்று வரவில்லை. அந்த இடம் மூன்றாவது வரிசையில் காலியாக இருந்தது. நான் முழங்காலை மடக்கி, மேசைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் என்னைச் செருகிக்கொண்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். மருமகள் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

என் பக்கத்தில் ஒரு சிறுமி. ஓயாமல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பில் அவளுக்குப் பேரே சிமிட்டிதான் என்று பிறகு தெரிந்தது.

"மேடம், முதல்ல எப்பவும் இருக்கற மாதிரி," என்றாள் மருமகள். தம்பி சுவிட்சைத் தட்டினான். குறுக்கு விளக்குகள் எரிந்தன.

நல்ல வெளிச்சம். குறைவான வெளிச்சம் என்று யாரும் சொல்ல முடியாது. என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

அவள் வெள்ளைப் பலகையில் ஆறு வரி எழுதினாள். மழை எப்படி உண்டாகிறது என்பது பாடம். "பார்த்து எழுதுங்க. அஞ்சு நிமிஷம்," என்றாள்.

பிள்ளைகள் குனிந்தார்கள். தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க படிங்களேன். மூணாவது வரி."

முதல் வரியைப் பார்த்தேன், தெரிந்தது. இரண்டாவதும் தெரிந்தது. அதற்குக் கீழே பலகையில் எழுத்தே இல்லை. ஒரு கை அகலத்துக்கு, பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, வெள்ளையாக ஒரு பட்டை பளபளத்தது. எங்கள் விளக்குகள்தான். நான் நூல் பிடித்துப் போட்ட வரிசை, கோணல் இல்லாமல், அப்படியே பலகையில் படுத்திருந்தது.

"என் கண்ணாடி பழசு," என்றேன். "மாத்தணும்."

சிமிட்டி என் முழங்கையைத் தட்டினாள்.

"தாத்தா, மூணாவது வரிக்குத் தாடையை மேசை மேல வைக்கணும்."

"என்னது?"

"இப்படி." அவள் தாடையை மேசையில் வைத்தாள். "இப்போ வெள்ளை கீழ போயிடும். மூணாவது தெரியும். நாலாவதுக்கு நிமிர்ந்துக்கணும். அஞ்சாவது எப்படியும் தெரியாது, முதல் பெஞ்சுல கேட்டுக்கணும்."

"முதல் பெஞ்சுல எப்படித் தெரியும்?"

"அவங்க கிட்டக்க இருக்காங்க. வெள்ளைக்குள்ளயும் படிச்சிடுவாங்க. கடைசி பெஞ்சுல வெள்ளை மேல போயிடும், எழுத்து இல்லாத இடத்துக்கு. எங்களுக்குத்தான் நடுவுல உக்காந்திருக்கு."

எழுபத்தொரு வயதில் நான் யாருக்கும் குனிந்ததில்லை. முதுகு நிமிர்த்தி நடப்பவன் என்று அலுவலகத்தில் எனக்குப் பேர் உண்டு. அந்த அறையில், என் தம்பி பார்க்க, மருமகள் பார்க்க, நான் மெல்லக் குனிந்து தாடையை ஒரு குழந்தையின் மேசைமேல் வைத்தேன்.

பட்டை கீழே இறங்கியது. மூன்றாவது வரி வந்தது.

"நீராவி மேலே போகப் போகக் குளிர்ந்து, சிறு சிறு துளிகளாகிறது," என்று படித்தேன். தாடை மேசையில் இருந்ததால் குரல் எனக்கே அன்னியமாகக் கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையிலும் நான்காவது வரிசையிலும் பதினோரு பிள்ளைகள் என்னைப் போலவே மேசையில் தாடையை வைத்துக்கொண்டிருந்தார்கள். எழுதுவதற்கு நிமிர்ந்து, படிப்பதற்குப் படுத்து, மறுபடி நிமிர்ந்தார்கள். ஐந்து நிமிடத்தில் எனக்குப் புருவத்துக்குப் பின்னால் வலித்தது. அவர்கள் இதை நாள் முழுக்கச் செய்கிறார்கள்.

தலைமையாசிரியை எழுந்து வந்து என் பெஞ்சின் ஓரத்தில் குந்தினார். பலகையைப் பார்த்தார். தலைமேல் இருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"படுத்துக் கிடக்கறாங்கன்னு நான் எழுதினது இதைத்தானா?"

"ஆமாம் மேடம்," என்றாள் மருமகள். குரலில் வெற்றி எதுவும் இல்லை. "நான் கண்டிக்காததுக்குக் காரணம், அவங்க படிச்சுக்கிட்டு இருந்தாங்க."

தம்பி பழைய விளக்குகளை அணைத்துவிட்டு, தொங்கும் விளக்குகளைப் போட்டான். அவள் பலகையைத் துடைத்து வேறு ஆறு வரி எழுதினாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆறையும் படித்தேன். பலகையில் இரண்டு மெல்லிய கீற்றுகள் செங்குத்தாகத் தெரிந்தன, அவ்வளவுதான். விளக்குகளின் முனை மட்டும் கண்ணில் பட்டது. கோணலாகத் தொங்கிய அந்த விளக்கு கடைசி வரை கோணலாகவே இருந்தது. ஒரு பிள்ளையும் குனியவில்லை. சிமிட்டி இடையிடையே சிமிட்ட மறந்து எழுதினாள்.

நோட்டுகளைத் தலைமையாசிரியையே வாங்கித் தன் பேனாவால் திருத்தினார். நடு இரண்டு வரிசைகளில் முதல் தடவை முப்பத்தெட்டுப் பிழைகள். இரண்டாவது தடவை ஏழு.

"ரெண்டாவது தடவை எழுதினா யாருக்கும் பிழை குறையும்மா," என்றார் அவர். "ஒரு மத்தியானத்தை வச்சுப் பள்ளி நிர்வாகக் குழுகிட்டப் பேச முடியாது."

மருமகள் அட்டையை விரித்தாள். பன்னிரண்டு வாரம். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இது நீங்களே எழுதினது. தன்னைக் காப்பாத்திக்க எழுதினதுன்னு சொல்லுவாங்க."

"பரீட்சைத் தாள் எல்லாம் இருக்கு மேடம். தேதியோட. யார் வேணா திருத்திப் பார்க்கட்டும்."

தலைமையாசிரியை கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு தம்பியிடம் திரும்பினார்.

"இதே மாதிரி எத்தனை ரூம் போட்டிருக்கீங்க?"

"இன்னும் நாலு மேடம். அதே பிளான்தான்."

"குறுக்கே வரணும்னு முடிவு பண்ணினது யாரு?"

எனக்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தக் காலை நன்றாக நினைவிருக்கிறது. தம்பி ஏணிமேல் நின்று கேட்டான்: "அண்ணா, நீளவாக்குல போடலாமா? குறுக்கே போட்டா பிள்ளைங்க கண்ணுக்கு நேரா வரும்." வெள்ளைப் பலகை அப்போதே உறை பிரிக்காமல் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்: "உத்தரம் குறுக்கே போகுது. விளக்கு நீளவாக்குல போனா வாசல்லேருந்து பார்க்க அசிங்கமா இருக்கும். நான் போட்ட கோட்டுல போடு." அவன் போட்டான். அண்ணன் சொல்லைத் தட்டாத தம்பி என்று அப்போது பெருமையாக இருந்தது.

"நான்தான் மேடம்," என்றான் தம்பி. "என் முடிவுதான்."

மேசைமேல் மருமகளின் பை திறந்திருந்தது. அதில் சுருட்டி வைத்த ஒரு தாளின் ஓரம் தெரிந்தது. நீல மை, நெருக்கமான, ஒரே உயரமான எழுத்துகள். என் எழுத்தை எனக்கு எவ்வளவு தூரத்திலும் தெரியும். அந்தத் தாளின் மூலையில் என் கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பெஞ்சில் செருகிக் கிடந்தேன். எழுந்திருக்க வேண்டுமானால் யாராவது கை கொடுக்க வேண்டும். நான் கை நீட்டவில்லை, வாயும் திறக்கவில்லை.

அவள் தாளை உள்ளே தள்ளி, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"திங்கக்கிழமை குழு வருது," என்றார் தலைமையாசிரியை. "அந்தப் பரீட்சைத் தாள் எல்லாம் கொண்டு வாங்க. விளக்குக்குப் போட்ட அசல் பிளானும் வேணும். அதுவரைக்கும் கிளாஸ் இவங்ககிட்ட இருக்கட்டும். அதுக்கப்புறம் என்னன்னு எனக்கே தெரியாது."

"பிளான் எங்க போச்சுன்னு தெரியல மேடம்," என்றான் தம்பி, என்னைப் பார்க்காமல்.

*

வீட்டுக்கு நடந்தே வந்தோம். ஏணியோடு பஸ்ஸில் ஏற முடியாது. மருமகள் நோட்டுக் கட்டைச் சுமந்து முன்னால் போனாள்.

"ஏண்டா அப்படிச் சொன்ன?" என்றேன் தம்பியிடம்.

"வேற யார் சொல்றது? நீங்க சொல்லுவீங்களா?"

"கேட்டது உன்னை."

"ஆமாம்ணா. கேட்டது என்னைத்தான்." ஏணியைத் தோள் மாற்றினான். வலது தோளில் பட்டதும் முகம் சுளித்து, மறுபடி இடது தோளுக்கே கொண்டு வந்தான். "ஒரு தோளுக்கு எவ்வளவுதான் ஏறும்."

வீட்டுக்கு வந்ததும் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, தோள் வலிக்கிறது, படுத்திருக்கிறேன் என்றான். அவன் வந்து உட்காராமல் எங்கள் மேசையில் யாரும் சாப்பிட்டதில்லை.

மருமகள் சுருட்டிய தாளை என் முன்னால் வைத்தாள்.

"சார்ட் பேப்பர் தேடினப்ப உங்க அலமாரில கிடைச்சது மாமா. பத்து நாளா என் பைலதான் இருக்கு."

"அப்போ காலையிலயே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அங்கே ஏன் காட்டல? காட்டியிருந்தா உனக்குத்தானே பலம்?"

"நீங்க காட்டுவீங்கன்னு பார்த்தேன்."

நான் தாளைப் பிரிக்கவில்லை. பிரிக்காமலே எல்லாக் கோடும் தெரியும்.

"இன்னைக்கு எனக்குப் பேசத் தெம்பு இல்ல மாமா," என்றாள். "நாப்பது நோட்டு பாக்கி இருக்கு. கோவிச்சுக்கணும்னா நாளைக்குக் கோவிச்சுக்கறேன்." நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு, கூடத்தில் வெளிச்சம் விழும் மூலைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேனாவின் நிழல் தாளில் விழாதபடி நாற்காலியை ஒரு முறை திருப்பினாள். இத்தனை வருடமாக அவள் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை.

ஆறரை மணிக்கு என் மனைவி லாண்டரியிலிருந்து திரும்பினாள். துணிப் பையை வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றி நின்றாள்.

"ஏங்க, தெருவுல என்ன பேசறாங்க தெரியுமா?"

"தெரிய வேண்டாம்."

"நம்ம டெஸ்டர் பழைய விளக்கைத் துடைச்சுப் புதுசுன்னு மாட்டிட்டானாம். நம்ம மருமகளே மேடத்துக்கிட்டக் காட்டிக் கொடுத்துட்டாளாம். நீங்க அங்கேயே அவனை அறைஞ்சு, வீட்டை விட்டுப் போடான்னு சொல்லிட்டீங்களாம். மூணு மணிக்கு நடந்தது, ஆறு மணிக்குள்ள எவ்வளவு வளர்ந்திருக்கு பாருங்க. நம்ம வீட்டுச் செடி எதுவும் இப்படி வளர மாட்டேங்குது."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்றது? எனக்கு எது உண்மைன்னு தெரிஞ்சாத்தானே." அவள் மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நாற்பத்து நான்கு வருடம் ஒரே வீட்டில் இருப்பவளிடம் ஒரு சுருட்டிய தாளை எவ்வளவு நேரம் மறைக்க முடியும்? "காபி போடட்டுமா," என்று மட்டும் கேட்டாள்.

"வந்து குடிக்கிறேன்."

தாளை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். மருமகள் நிமிர்ந்தாள். சிவப்புப் பேனா அந்தரத்தில் நின்றது.

லாண்டரி எங்கள் தெரு முனையில். முழங்கால் வலித்தது, பெஞ்சில் செருகி உட்கார்ந்ததன் பலன். கடையில் லாண்டரிக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பக்கத்துக் கடை முடி வெட்டுகிறவர் நின்றிருந்தார். புகார் எழுதிக் கொடுத்த மூன்று பெற்றோரில் ஒருவரான தையல்காரரும் அங்கே இருந்தார். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. இஸ்திரிப் பெட்டி மட்டும் உஸ்ஸென்றது.

"வாங்க ஐயா," என்றார் லாண்டரிக்காரர். "துணி இப்பதான் அம்மா வாங்கிட்டுப் போனாங்க."

நான் அவர் மேசையில், மடித்து வைத்த சட்டைகளுக்குப் பக்கத்தில், படத்தைப் பிரித்து வைத்தேன். சுருண்டுகொண்டது. ஒரு முனையில் என் கையை வைத்து அழுத்தினேன்.

"விளக்கு பழசு இல்ல," என்றேன். "ஆறும் புதுசு. பெட்டியைப் பிரிச்சது நான். என் மருமக யாரையும் காட்டிக் கொடுக்கல. குறுக்கே போட வேண்டாம்னு என் தம்பி சொன்னான். போடுன்னு சொன்னது நான். இதோ என் கையெழுத்து. திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துலயும் இதைத்தான் சொல்லப் போறேன்."

தையல்காரர் குனிந்து கையெழுத்தைப் பார்த்தார். முடி வெட்டுகிறவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்போ டெஸ்டரை வீட்டை விட்டு அனுப்பிட்டீங்கன்னு சொன்னாங்களே ஐயா?"

"இல்ல. மாடியில படுத்திருக்கான். தோள் வலி."